6 ஜிபியா, 8 ஜிபியா? தம்பிக்கு கேமிங் லேப்டாப், நாகர்கோவிலில் பார்த்த விலைகள்

கடையாலுமூடு_ரப்பர் | வெள்ளி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். தம்பி இந்த வருடம் பொறியியல் சேர்ந்திருக்கிறான். அவனுக்கு ஒரு லேப்டாப் வாங்க வேண்டும். கோடிங், கணினியில் வரையும் கேட் (CAD) வரைபடம் எல்லாம் உண்டு. ஆனால் அவன் மனது கேமில்தான் என்று அப்பாவுக்கும் தெரியும். பிளஸ் டூ முழுக்க ஃபோனைத் தொடாமல் படித்தவன், அதனால் வீட்டில் யாரும் மறுப்பு சொல்லவில்லை.

பட்ஜெட் 80,000. இந்த முறை மழை விடவே இல்லை, ரப்பர் பால்வெட்டு பாதி நாள் நடக்கவில்லை. இழுத்துப் பிடித்தால் இன்னும் ஐந்தாயிரம் போடலாம், அதற்கு மேல் முடியாது.

நேற்று அப்பாவும் நானும் நாகர்கோவில் போய் மூன்று கடை ஏறி இறங்கினோம். முதல் கடையில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு வைத்த லேப்டாப், கார்டின் மெமரி 6 ஜிபி, 64,000. அடுத்த கடையில் ஆர்டிஎக்ஸ் 4050, அதுவும் 6 ஜிபி, 78,000. மூன்றாவது கடையில் ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி, 94,000. முதல் கடைக்காரர், "ரெண்டும் 6 ஜிபிதான், வேகம் ஒண்ணுதான், எதுக்கு 14,000 வீணாக்கணும்" என்றார். போதாததற்கு அங்கே மேசையில் இருந்த லேப்டாப்பின் மேல் "14 ஜிபி கிராபிக்ஸ்" என்று ஒட்டியிருந்தார்கள். அது எப்படி 6-ம் 14-ம் ஒன்றாக வரும் என்று கேட்டேன், சரியான பதில் இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் 8 ஜிபிக்குக் கீழே தொடவே கூடாது என்கிறார். அப்பாவுக்கு ஒரே குழப்பம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

குளச்சல்_ஹார்பர் | வெள்ளி, இரவு 9.31

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது சரி. 8 ஜிபிக்குக் கீழே வாங்க வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்குக் குறைந்தபட்சத் தேவையாகப் போட்டிருப்பதே 8 ஜிபி கார்டு. 2025 மே மாதம் வந்த டூம் தி டார்க் ஏஜஸுக்கும் அப்படித்தான். குறைந்தபட்சமே அது என்றால், இன்னும் நாலு வருடம் கழித்து 6 ஜிபியை வைத்துக்கொண்டு தம்பி என்ன செய்வான்? சாதாரண ரேம் என்றால் பின்னால் ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகலாம். லேப்டாப் கிராபிக்ஸ் கார்டின் மெமரி போர்டோடு சால்டர் செய்தது. வாங்குகிற அன்று என்ன இருக்கிறதோ அதுதான் கடைசிவரை.

பணம் பற்றவில்லை என்றால் ஓணம் வரை பொறுங்கள். திருவனந்தபுரத்தில் ஆஃபர் போடுவார்கள், குழித்துறையில் ரயில் ஏறினால் போய்விடலாம்.

---

தக்கலை_சால்டரிங் | வெள்ளி, இரவு 10.05

தம்பி, முதலில் அந்த 14 ஜிபி கதையை முடித்துவிடுவோம். நான் பதினாறு வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். இந்த ஸ்டிக்கரை நம்பி வாங்கிவிட்டு என் மேசைக்கு வந்து நின்றவர்கள் பலர்.

அந்த மெஷினில் 16 ஜிபி ரேம் இருந்திருக்கும். விண்டோஸ் அதில் பாதியை, அதாவது சுமார் 8 ஜிபியை, "தேவைப்பட்டால் கிராபிக்ஸுக்குக் கடன் தரலாம்" என்று குறித்து வைக்கும். அது ஷேர்டு மெமரி. கார்டின் சொந்த மெமரி 6. இரண்டையும் கூட்டி 14 என்று எழுதியிருக்கிறார்கள். விண்டோஸே ஒரு இடத்தில் அப்படி மொத்தமாகக் கூட்டித்தான் காட்டும், அதனால் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கேமுக்கு அந்த 8 உதவாது.

என் வேலை மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் ஸ்க்ரூ, ஃப்ளக்ஸ், இடுக்கி இருந்தால் வேலை ஓடும். மேசை நிறைந்துபோய், மீதிச் சாமானைப் பின்பக்க அறையில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் எழுந்து போக வேண்டும். சாமான் எல்லாம் கடைக்குள்தான் இருக்கிறது, ஆனால் வேலை நின்று நின்று போகும். ஷேர்டு மெமரி அந்தப் பின்பக்க அறை. 4050, 4060 லேப்டாப் கார்டுகள் பிசிஐஇ 4.0 எட்டு லேன் என்ற இணைப்புப் பாதை வழியாக மெயின் ரேமோடு பேசுகின்றன. அந்தப் பாதையில் ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 16 ஜிபிதான் போகும். 4060 தன் சொந்த மெமரியோடு பேசுவது நொடிக்கு 256 ஜிபி. பதினாறு மடங்கு வித்தியாசம்.

கடையில் மெஷினை ஆன் செய்து, டாஸ்க் மேனேஜர் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) என்பதைத் தொடுங்கள். இரண்டு ஜிபியு காட்டினால் என்விடியா பெயர் உள்ளதைப் பாருங்கள். "டெடிகேட்டட்" என்ற வரியில் உள்ள எண் மட்டும்தான் கணக்கு.

---

கடையாலுமூடு_ரப்பர் | வெள்ளி, இரவு 10.20

ரொம்ப நன்றி அண்ணே. அப்பாவுக்கு மேசை, பின்பக்க அறை என்று சொன்னதும் சட்டென்று புரிந்துவிட்டது.

ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. 3050-ம் 6 ஜிபி, 4050-ம் 6 ஜிபி. இரண்டிலும் மேசை ஒரே அளவுதானே? பிறகு எதற்கு 14,000?

---

கோட்டாறு_கணக்கு | வெள்ளி, இரவு 11.02

மேசையின் அளவு ஒன்று, மேசையில் வேலை செய்கிறவரின் கை வேகம் வேறு. ஜிபி என்பது இடத்தின் அளவு மட்டும்தான்.

இதற்கு நல்ல உதாரணம் 8 ஜிபி கார்டுகளிலேயே இருக்கிறது. லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060-ல் 8 ஜிபி, 128 பிட் பஸ் (பஸ் என்றால் சிப்புக்கும் மெமரிக்கும் நடுவில் உள்ள பாதை, பிட் அதன் அகலம்). லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4070-லும் அதே 8 ஜிபி, அதே 128 பிட். மெமரியை மட்டும் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் சிப்புக்குள் கணக்குப் போடும் அலகுகளான கூடா கோர்கள் 4060-ல் 3,072, 4070-ல் 4,608. ஒன்றரை மடங்கு. விலையும் அப்படித்தான் ஏறும். ஜிபியை வைத்து வேகத்தை அளக்க முடியும் என்றால் இந்த இரண்டும் ஒரே விலைக்கு விற்க வேண்டுமே.

இப்போது உங்கள் இரண்டு கார்டுகள். வேடிக்கை என்னவென்றால் 6 ஜிபி 3050-லும் 4050-லும் கோர் எண்ணிக்கைகூட ஒன்றுதான், 2,560. பஸ்ஸும் ஒன்றுதான், 96 பிட். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுத்தான் "ஒண்ணுதான்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் 3050 முந்தைய தலைமுறை, சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்தது. 4050, டிஎஸ்எம்சி என்ற சிப் கம்பெனியின் புதிய முறையில் செய்த அடுத்த தலைமுறை. அதனால் அதே மின்சாரத்தில் கோர்கள் எவ்வளவோ வேகமாக ஓடும். சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் என்ற சின்ன மெமரியும் பல மடங்கு பெரியது, ஒவ்வொன்றுக்கும் மெமரிக்கு ஓட வேண்டியதில்லை. இடையிடையே கூடுதல் படங்களைக் கார்டே உருவாக்கும் ஃப்ரேம் ஜெனரேஷன் 40 வரிசையில்தான் வந்தது, 3050-ல் என்விடியாவின் அந்த வசதி கிடையாது.

மெமரி வேகத்தைக் கணக்குப் போடுவது எளிது. பஸ்ஸின் பிட்டை மெமரி வேகத்தால் (ஒரு பிட் பாதையில் நொடிக்கு எத்தனை ஜிகாபிட்) பெருக்கி 8-ஆல் வகுக்க வேண்டும். 4050: 96 × 16 ÷ 8 = நொடிக்கு 192 ஜிபி. 6 ஜிபி 3050: 96 × 14 ÷ 8 = 168 ஜிபி. 4060: 128 × 16 ÷ 8 = 256 ஜிபி.

இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதில் ஏமாறுகிறார்கள். முதலில் வந்த லேப்டாப் 3050-க்கு 4 ஜிபி, 128 பிட். 12 வேகத்தில் கணக்கிட்டால் 192 ஜிபி. பிறகு வந்த 6 ஜிபிக்காரனுக்கு இடம் கூடியது, பாதை குறுகியது. பெயர் இரண்டுக்கும் ஒன்றே. எந்த 3050 என்று கேட்காமல் விலை பேசாதீர்கள்.

---

பத்மநாபபுரம்_மாமரம் | சனி, காலை 6.48

கோட்டாறு நண்பர் சொன்னதை நான் 2012-லேயே அனுபவித்தேன்.

அன்றைக்கு என் முன்னால் இரண்டு லேப்டாப். இரண்டிலும் ஜிஃபோர்ஸ் ஜிடி 650எம் கார்டு, மெமரி வகைதான் வேறு. ஒன்றில் 1 ஜிபி ஜிடிடிஆர்5, மற்றதில் 2 ஜிபி டிடிஆர்3. விலை கிட்டத்தட்ட ஒன்று. கடைக்காரர் "2 பெரிசா, 1 பெரிசா?" என்று கேட்டார். நான் 2 ஜிபியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து சித்தி மகன் அந்த 1 ஜிபிக்காரனை வாங்கினான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் இரண்டையும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அருகருகே வைத்து ஒரே கார் பந்தய கேமை ஓட்டினோம். அவனுடையதில் சாலை வழுக்கிக்கொண்டு போனது. என்னுடையதில் வளைவுக்கு வளைவு திக்கியது. அவன் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பாவம், அவனுக்கும் அதில் சந்தோஷப்பட முடியவில்லை.

பிறகுதான் தெரிந்தது. ஜிடிடிஆர்5 வைத்த 650எம் நொடிக்கு 64 ஜிபி கடத்தும். டிடிஆர்3 வைத்தது 29 ஜிபிகூடத் தொடாது. அந்தக் காலத்து கேம் 1 ஜிபியை நிரப்புவதே அரிது. நான் ஆசைப்பட்டு வாங்கிய இரண்டாவது ஜிபி ஆறு வருடம் சும்மாவே கிடந்தது.

கடைக்காரரும் என்னை ஏமாற்றவில்லை என்றே நினைக்கிறேன். அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

---

குளச்சல்_ஹார்பர் | சனி, காலை 8.15

அண்ணாச்சி, உங்கள் கதை 2012-க்குச் சரி. அன்றைக்கு 1 ஜிபியே நிரம்பவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். இன்றைக்கு 6 ஜிபி நிரம்புகிறது. அதுதான் வித்தியாசம்.

என் சொந்த மெஷினைச் சொல்கிறேன். லேப்டாப் 3050, 4 ஜிபி, நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். வாங்கிய புதிதில் எல்லாம் ஓடியது. 2023-ல் வந்த கேம்களில்தான் அடி விழுந்தது. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) பார்த்தால் 45, 50 என்று கௌரவமாகக் காட்டும். ஆனால் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குத் திரும்பும்போது படம் அரை நொடி உறைந்து நிற்கும். சுவரில் உள்ள செங்கல் முதலில் களிமண் பூசியது மாதிரி மங்கலாக வரும், இரண்டு நொடி கழித்துத்தான் கோடு தெரியும். டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஷேர்டு மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்.

இந்த உறைதலை எந்த பெஞ்ச்மார்க் சராசரியும் காட்டாது. சிப் வேகம் என்று நீங்கள் எல்லாரும் சொல்கிறீர்கள். என் சிப்புக்கு இன்னும் தெம்பு இருக்கிறது, அதற்கு நிற்க இடம் இல்லை. அந்தக் கஷ்டம் தம்பிக்கு வரக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

---

பூதப்பாண்டி_அக்கா | சனி, காலை 10.40

குளச்சல் தம்பி சொல்லும் அறிகுறி மிகச் சரி. அந்த இடத்தை எது தின்கிறது என்று தெரிந்துகொண்டால் மருந்தும் தெரிந்துவிடும். என் தொழிலே 3டி மாடலிங், தினமும் இதோடுதான் மல்லுக்கட்டு.

பலரும் ரெசல்யூஷன்தான் மெமரியைத் தின்கிறது என்று நினைக்கிறார்கள். 1920 × 1080 திரையின் ஒரு படம், ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம், சுமார் 8 எம்பிதான். கேம் உள்ளே இப்படிப் பல அடுக்குகளை வைத்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு எம்பி.

உண்மையில் தின்பது டெக்ஸ்சர், அதாவது பொருள்களின் மேல் போர்த்தும் படம். ஒரு கல் சுவருக்கு 4096 × 4096 அளவில் நான் ஒரு டெக்ஸ்சர் செய்கிறேன் என்று வையுங்கள். சுருக்காமல் 64 எம்பி. ஜிபியு நேரடியாகப் படிக்கக்கூடிய வகையில் சுருக்கினால் 16 எம்பி. தூரத்தில் தெரிவதற்கான சிறிய பிரதிகள் சேர்ந்தால் 21 எம்பி. சுவருக்கு நிறம் மட்டும் போதாது. மேடுபள்ளம் ஒரு படம், பளபளப்பு ஒரு படம். மூன்றும் சேர்ந்து 64 எம்பி. ஒரே ஒரு சுவருக்கு! தெருவில் இப்படி ஐம்பது பொருள் இருந்தால் 3 ஜிபி தாண்டிவிடும்.

இப்போது டெக்ஸ்சர் அளவை ஒரு படி இறக்குங்கள். 4096 இருந்த இடத்தில் 2048. நீளம் பாதி, அகலம் பாதி, ஆக மெமரி கால்வாசி. 64 எம்பி சுவர் 16 எம்பி ஆகிவிடும். 15 அங்குலத் திரையில், ஓடுகிற ஓட்டத்தில், அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது எனக்கே கஷ்டம்.

அதனால் 6 ஜிபி வாங்குகிறவர் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான். அல்ட்ரா பிரீசெட்டை அப்படியே போடாதீர்கள். டெக்ஸ்சரை மட்டும் தனியாக மீடியமோ ஹையோ வையுங்கள். டெக்ஸ்சர் இடத்துக்குள் அடங்கிவிட்டால் அதனால் எஃப்பிஎஸ் ஏறக்குறைய குறையாது. அடங்காவிட்டால் மொத்தமும் படுத்துவிடும். ரெசிடென்ட் ஈவில் 4 ரீமேக்கில் டெக்ஸ்சர் தேர்வுக்குப் பக்கத்திலேயே எத்தனை ஜிபி என்று எழுதியிருக்கும், தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 1-ல் செட்டிங்ஸ் பக்கத்திலேயே மெமரி அளவு பட்டையாகத் தெரியும். எல்லா கேமிலும் இப்படி வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஒளி போகும் வழியைக் கணக்கிட்டுக் காட்டும் ரே டிரேசிங்கும் ஃப்ரேம் ஜெனரேஷனும் தனியாக இடம் கேட்கும். 6 ஜிபியில் இரண்டையும் போட்டு டெக்ஸ்சரையும் அல்ட்ராவில் வைத்தால் நிற்காது.

அப்புறம், தம்பி பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் பழகுவானா, ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பானா? அங்கே கணக்கு வேறு. 700 கோடி பாராமீட்டர் கொண்ட மொழி மாடலை 4 பிட்டாகச் சுருக்கினாலும் அந்த பாராமீட்டர் எண்களை வைக்க மட்டும் மூன்றரை ஜிபி வேண்டும். கேமில் டெக்ஸ்சரை இறக்கலாம், இங்கே இறக்க இடமில்லை. அந்த வேலைதான் முக்கியம் என்றால் நான் குளச்சல் தம்பி பக்கம்.

---

கடையாலுமூடு_ரப்பர் | சனி, மதியம் 1.25

அக்கா, தம்பியிடம் கேட்டேன். சைபர்பங்க், ஜிடிஏ 5, வாலரண்ட், ஃபுட்பால். கல்லூரியில் மெக்கானிக்கல். ஏஐ பற்றி இப்போது யோசனை இல்லை என்றான்.

ஓணம் வரை பொறுக்க வழியில்லை. வகுப்பு தொடங்கிவிட்டது, அவன் தினமும் இன்னொரு பையனின் லேப்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறான். அது அவனுக்குக் கூச்சமாக இருக்கிறது.

மார்த்தாண்டத்தில் ஒருவர் பழைய 3060 லேப்டாப், 6 ஜிபி, 55,000-க்குத் தருகிறேன் என்கிறார். அது எப்படி?

---

கோட்டாறு_கணக்கு | சனி, மதியம் 2.10

கார்டு நல்ல கார்டு. 2021 ஜனவரியில் அறிமுகமானது. 6 ஜிபிதான், ஆனால் 192 பிட் பஸ், நொடிக்கு 336 ஜிபி. உங்கள் புது 4050-ஐவிடப் பாதை அகலம்.

காரணம் எளியது. ஒரு மெமரி சிப் 32 பிட் எடுக்கும். 3060-ல் 1 ஜிபி சிப் ஆறு. ஆறு 32 = 192. 4050-ல் 2 ஜிபி சிப் மூன்று. மூன்று 32 = 96. மொத்தம் இரண்டிலும் 6 ஜிபி. லேப்டாப் 5090-ல் 3 ஜிபி சிப் எட்டு வைத்துத்தான் 24 ஜிபி கொண்டு வந்தார்கள். பஸ்ஸும் ஜிபியும் இப்படி ஒன்றோடொன்று பிணைந்தவை, 96 பிட் கார்டில் 8 ஜிபி கேட்டால் கணக்கு உதைக்கும்.

ஆனால் நாலு வயதான மெஷினின் பேட்டரி, ஃபேன், ஹிஞ்ச் பற்றித் தக்கலை அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

---

தக்கலை_சால்டரிங் | சனி, இரவு 8.50

பழையதைத் திறந்து பார்க்காமல் வாங்க வேண்டாம் தம்பி. நம்ம ஊரில் இரண்டு மழையும் உண்டு, கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றும் உண்டு. முட்டத்திலிருந்து வந்த ஒரு கேமிங் லேப்டாப்பைப் போன மாதம் திறந்தேன். ஹீட்சிங்க் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரி. மார்த்தாண்டத்துக்காரர் சம்மதித்தால் பின் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள், அல்லது என்னிடம் எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம்.

கோட்டாறு சார் சொன்ன சிப் கணக்கைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு 4050 போர்டைச் சுத்தம் செய்தபோது, நடுவில் ஜிபியு, அதைச் சுற்றி நகத்தைவிடச் சற்றுப் பெரிய கறுப்புச் சிப் மூன்று. நான்காவது இருக்க வேண்டிய இடத்தில் சிப் இல்லை. சின்னச் சின்ன ஈயப் புள்ளிகள் மட்டும் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. அதே போர்டைத்தான் 4060-க்கும் அந்தக் கம்பெனி பயன்படுத்துகிறது. சிலர் அந்த வெற்றிடத்தில் இன்னொரு சிப் வைத்துத் தர முடியுமா என்று கேட்பார்கள். வைத்தாலும் பயனில்லை, 4050-க்கு அந்தப் பாதை திறந்திருக்காது.

இதுவரை யாரும் சொல்லாத ஒன்று, வாட். என்விடியா லேப்டாப் 4050-க்கும் 4060-க்கும் 35 முதல் 115 வாட் வரை என்று இடைவெளி விட்டிருக்கிறது. எத்தனை வாட் கொடுப்பது என்பது லேப்டாப் செய்கிற கம்பெனியின் முடிவு. மெலிசான மெஷினில் 50, 60 வாட்டில் கட்டிப்போட்ட 4060, தடிமனான மெஷினில் முழு வாட்டில் ஓடும் 4050-இடம் தோற்பதைப் பார்த்திருக்கிறேன். 8 ஜிபி இருந்தும் பயனில்லை, மூச்சு முட்டுகிறது.

கடையில் என்விடியா கண்ட்ரோல் பேனல் திறந்து ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போங்கள். மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர், டெடிகேட்டட் வீடியோ மெமரி, மெமரி இண்டர்ஃபேஸ் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். ஃபோட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.

---

ஆரல்_காற்றாலை | சனி, இரவு 9.30

கொள்ளாம், நல்ல விவரங்கள். ஒரு சந்தேகம். 5050 லேப்டாப் வந்திருக்கிறதே, 8 ஜிபி ஜிடிடிஆர்7. அது இந்தச் சண்டையைத் தீர்த்துவிடாதா?

---

கோட்டாறு_கணக்கு | சனி, இரவு 9.44

விலை இறங்கினால் தீர்த்துவிடும். 128 பிட், 24 வேகம், நொடிக்கு 384 ஜிபி. கோர் 4050 மாதிரியே 2,560. நான் விசாரித்த இடத்தில் 92,000 சொன்னார்கள். தம்பியின் கைக்கு எட்டாது.

---

கடையாலுமூடு_ரப்பர் | திங்கள், இரவு 8.05

இன்று காலை தம்பியையும் கூட்டிக்கொண்டு வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அண்ணன் சொன்ன மாதிரியே ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

78,000 சொன்ன 4050-இல் கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் 60 வாட். பார்க்க அழகு, மெலிசு. கடைப் பையன் இந்தப் பக்கத்தைத் தானும் இதுவரை பார்த்ததில்லை என்று சொல்லி, அங்கே இருந்த மற்ற மெஷின்களிலும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். அதில் வேறொரு 4050, கொஞ்சம் தடிமன், எடையும் கூட. 6144 எம்பி ஜிடிடிஆர்6, 96 பிட், 115 வாட். விலை 82,500. அதே பெயர், அதே 6 ஜிபி!

4060-ஐயும் பார்த்தோம். 8 ஜிபி, 75 வாட், 94,000. தம்பி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனே "வேண்டாம்ணே, டெக்ஸ்சரைக் குறைச்சுக்கலாம்" என்றான்.

115 வாட் 4050-ஐ வாங்கிவிட்டோம். 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக இருக்கிறது, இன்னொரு இடம் காலி.

குளச்சல் அண்ணே, நீங்கள் சொன்னதையும் மறக்கவில்லை. நான்கு வருடம் கழித்து இடம் பற்றாது என்பது தெரிந்துதான் வாங்கினோம்.

---

குளச்சல்_ஹார்பர் | திங்கள், இரவு 8.30

சந்தோஷம் தம்பி. 75 வாட் 4060-க்குக் கூடுதலாக 11,500 கொடுக்கச் சொல்ல எனக்கும் மனம் வராது. ஆனால் நான் இன்னும் 8 ஜிபி பக்கம்தான். அடுத்து வாங்குகிறவர் யாராவது இதைப் படித்தால், மூன்று மாதம் பொறுக்க முடியும் என்றால் பொறுங்கள்.

ரேம் ஸ்டிக் ஒன்று மட்டும் இருப்பதைக் கவனியுங்கள். கையில் காசு வரும்போது அதே வேகத்தில் இன்னொன்று போட்டால் டூயல் சேனல் ஆகும், அதாவது இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் ஓடும். மெமரி நிரம்பி ஷேர்டுக்குப் போகிற நேரத்திலும் அது கொஞ்சம் தாங்கும்.

---

பூதப்பாண்டி_அக்கா | திங்கள், இரவு 9.10

வாழ்த்துகள். இன்னொன்று செய்யச் சொல்லுங்கள். கேம் ஓட்டும்போது பிரவுசரில் இருபது டேப் திறந்து வைக்க வேண்டாம். மெஷினில் கிராபிக்ஸ் முறையை ஹைப்ரிட் என்று வைத்தால் டெஸ்க்டாப், பிரவுசர் எல்லாம் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் ஓடும், 6 ஜிபி பெரும்பாலும் கேமுக்கே மிஞ்சும். எல்லாவற்றையும் என்விடியா கார்டிலேயே ஓட்டும் டிஸ்கிரீட் முறையில் வைத்தால் எஃப்பிஎஸ் கொஞ்சம் கூடும், ஆனால் டெஸ்க்டாப்பும் அந்த 6-க்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டையும் வைத்துப் பார்க்கட்டும்.

---

கடையாலுமூடு_ரப்பர் | புதன், இரவு 10.55

சைபர்பங்க் இறங்கவே ஒன்றரை நாள் ஆனது, நடுவில் இரண்டு தடவை கரண்ட் போய்விட்டது.

அக்கா சொன்னபடி செய்து பார்த்தோம். முதலில் டெக்ஸ்சர் ஹை, ரே டிரேசிங் ஆன். டெடிகேட்டட் முழுக்க நிறைந்து, ஷேர்டு ஏற ஆரம்பித்தது. கார் வேகம் எடுத்ததும் குளச்சல் அண்ணன் சொன்ன அதே உறைதல். ரே டிரேசிங்கை அணைத்து, டெக்ஸ்சரை மீடியம் ஆக்கி, சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் வசதியைக் குவாலிட்டியில் வைத்தோம். டெடிகேட்டடில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, ஷேர்டு அசையவில்லை, உறைதல் நின்றது.

அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கேமில் மழை பெய்து தெரு நனைந்திருந்தது. "இதுலயும் மழைதானா" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனார். நாளைக்கு வானம் வெளுத்தால் நாலு மணிக்கு வெட்டுக்குப் போக வேண்டும்.

---

தக்கலை_சால்டரிங் | வியாழன், காலை 7.20

நல்லது தம்பி. மெத்தை மேல் வைத்து ஓட்ட விடாதீர்கள், காற்று உள்ளே போகும் துளை அடியில்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தூசி தட்டக் கொண்டு வாருங்கள். கரண்ட் இப்படிப் போய்ப் போய் வருகிறது என்றால் நல்ல சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்று வாங்கி அதில் சார்ஜரைச் செருகுங்கள்.